ஆம்ஸ்டர்டாமின் சகிப்புத்தன்மையும் குடியேற்றமும்

ஆம்ஸ்டர்டாமின் சகிப்புத்தன்மை என்பது, 16 ஆம் நூற்றாண்டின் இறுதி தொடக்கம் நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் பல சமயத்தவரும் பல நாட்டவரும் பெரிய இடையூறின்றி வாழ விடப்பட்ட நிலையைக் குறிக்கும். 1580களில் ஏறத்தாழ 30,000 பேர் வாழ்ந்த இந்நகரம், அடுத்த நூறாண்டுகளுக்குள் சுமார் 200,000 மக்களைக் கொண்டதாக வளர்ந்தது. இவ்வளர்ச்சியின் பெரும்பகுதி வெளியிலிருந்து வந்து குடியேறியவர்களால் ஏற்பட்டதாகும். எனினும் அக்காலத்துச் சகிப்புத்தன்மையைச் சமவுரிமை எனக் கொள்வது தவறு.

பின்னணி

1578 இல் நகரின் ஆட்சி கத்தோலிக்கரிடமிருந்து கால்வினியச் சீர்திருத்தத் திருச்சபையைச் சார்ந்தோர் கைக்கு மாறியது. அடுத்த ஆண்டு வட மாகாணங்கள் செய்துகொண்ட உட்ரெக்ட் ஒன்றிய ஒப்பந்தத்தின் 13 ஆம் பிரிவு, சமயத்தின் பொருட்டு எவரும் துன்புறுத்தப்படலாகாது என்றது. இன்றைய பெல்ஜியத்தில் உள்ள ஆண்ட்வெர்ப் நகரம் 1585 இல் ஸ்பானியப் படையிடம் வீழ்ந்தபோது, அங்கிருந்த புரட்டஸ்தாந்தினர் நான்கு ஆண்டுகளுக்குள் மதம் மாறவோ வெளியேறவோ வேண்டியதாயிற்று. வணிகர், நெசவாளர், அச்சிடுவோர் எனப் பலர் தமது முதலையும் தொழில்திறனையும் எடுத்துக்கொண்டு வடக்கே வந்தனர். ஆண்ட்வெர்ப் தன் மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேரை இழந்தது.

வந்தவர் அனைவரும் சமய விடுதலையை நாடியவர் அல்லர். செருமனியிலிருந்தும் நோர்வேயிலிருந்தும் வந்த பெருந்தொகையினரை ஈர்த்தவை கூலியும் கப்பல் வேலையுமே. 1609 இல் நிறுவப்பட்ட நாணயமாற்று வங்கி வணிகர்களுக்கு நம்பிக்கை அளித்தது. வேலை இல்லாத ஊரில் மனச்சான்றின் விடுதலை மட்டும் இவ்வளவு பேரைத் தங்கவைத்திருக்காது என்றே கருத வேண்டும்.

காணாதது போல் இருத்தல்

சட்டத்தைத் திருத்தாமல், மீறலைக் காணாதது போல் இருப்பது நகர ஆட்சியாளரின் வழக்கம். கத்தோலிக்கரின் பொது வழிபாடு தடை செய்யப்பட்டிருந்தது. ஆனால் தெருவிலிருந்து தேவாலயம் எனத் தெரியாதவாறு வீடுகளுக்குள் வழிபட அவர்கள் அனுமதிக்கப்பட்டனர். கத்தோலிக்க வணிகர் ஒருவர் கால்வாய்க்கரையில் உள்ள தமது வீட்டின் மேல்மாடியில் 1663 இல் கட்டி முடித்த தேவாலயம் இன்று அருங்காட்சியகமாக உள்ளது. அங்கு வழிபாடு நடப்பது அயலாருக்கும் அதிகாரிகளுக்கும் தெரியாத மறைபொருள் அன்று.

போர்த்துக்கலிலும் ஸ்பெயினிலும் கட்டாய மதமாற்றத்துக்கு உள்ளான யூதர்களின் வழிவந்தோர், இந்நகரில் தமது முன்னோரின் சமயத்துக்கு வெளிப்படையாகத் திரும்ப முடிந்தது. 1675 இல் அவர்கள் திறந்த தொழுகைக்கூடம், கத்தோலிக்கரின் மறைவான ஆலயங்களைப் போலன்றி, எவர் கண்ணிலும் படும் பெரிய கட்டடமாகும். ஆயினும் பெரும்பாலான தொழிற்குழுக்கள் யூதரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அதனால் அவர்கள் குழுக்களின் கட்டுப்பாட்டில் இல்லாத வைரம் தீட்டுதல், சர்க்கரை சுத்திகரித்தல், புகையிலை, எபிரேய நூல் அச்சிடுதல் முதலிய தொழில்களில் ஈடுபட்டனர்.

நூல்களும் எல்லைகளும்

பிற நாடுகளில் அச்சிட இயலாத நூல்கள் ஆம்ஸ்டர்டாமில் அச்சாயின. ஆர்மீனிய மொழியின் முதல் அச்சு விவிலியம் 1666 இல் இங்கு அச்சிடத் தொடங்கப்பட்டது. பிரெஞ்சு மெய்யியலாளர் டேக்கார்ட், எல்லோரும் வணிகத்தில் மூழ்கியிருக்கும் இந்நகரில் தம்மை எவரும் கவனிக்காமல் வாழலாம் என்பதையே இதன் சிறப்பாகக் கண்டார்.

ஆனால் எல்லைகள் இருந்தன. இந்நகரில் பிறந்த மெய்யியலாளர் ஸ்பினோசாவை 1656 இல் அவரது யூத சமூகமே விலக்கி வைத்தது. 1670 இல் அவரது சமய அரசியல் ஆய்வுநூல், ஆசிரியர் பெயரின்றி, ஹாம்பர்க்கில் அச்சிடப்பட்டது என்ற பொய்க் குறிப்புடன் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. 1674 இல் அது தடை செய்யப்பட்டது. அந்நூல் இலத்தீனில் எழுதப்பட்டது. இதையொத்த கருத்துகளைப் பொதுமக்கள் படிக்கும் டச்சு மொழியில் எழுதிய அட்ரியான் கூர்பாக் 1668 இல் தண்டிக்கப்பட்டு, அடுத்த ஆண்டு சிறையில் இறந்தார். கற்றோர் வட்டத்துக்குள் பொறுத்துக்கொள்ளப்பட்டது தெருவுக்கு வந்தபோது பொறுத்துக்கொள்ளப்படவில்லை.

கடல்கடந்த ஆட்சியில் நிலை வேறு. ஆம்ஸ்டர்டாம் வணிகர் முதன்மைப் பங்கு வகித்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பனி, 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய பின் கத்தோலிக்கக் குருமாரைத் தடை செய்தது. 1687 இல் வந்த யோசப் வாஸ் அடிகள் மறைந்திருந்தே பணியாற்ற வேண்டியிருந்தது. தாயகத்து மேல்மாடித் தேவாலயத்துக்குக் கிடைத்த சலுகை இங்கு கிடைக்கவில்லை.

பிற்காலம்

யூதருக்குச் சட்டப்படியான சமவுரிமை 1796 இல் கிடைத்தது. 1940 இல் செருமனி நெதர்லாந்தைக் கைப்பற்றியபோது நகரில் ஏறத்தாழ 80,000 யூதர் இருந்தனர். யூதர் பிடிக்கப்பட்டதை எதிர்த்து 1941 பெப்ரவரியில் நகரத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். எனினும் அவ்யூதருள் பெரும்பாலோர் பின்னர் கொல்லப்பட்டனர். 1675 இன் தொழுகைக்கூடம் அழியாமல் தப்பியது. அதன் பெருமண்டபத்தில் இன்றும் மின்விளக்கு இன்றி, மெழுகுவர்த்தி ஒளியிலேயே வழிபாடு நடைபெறுகின்றது.