உஷார்! வாட்ஸ்அப்பில் வந்த பச்சைக்குழந்தை

வெளிநாட்டில் இருக்கும் உங்கள் மகனோ மகளோ தம்பியோ, இந்தியாவிலிருந்து ஒரு குழந்தையைத் தத்தெடுக்கப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கிறார்களா? அப்படியானால் உங்கள் வீட்டுக்கு ஒரு போன் வரலாம். அவர்களுக்கு அல்ல, உங்களுக்கு. ஊரில் தனியாக இருக்கும் வயதான அம்மாவைத் தேடி வரும். எங்கள் வீட்டில் அப்படித்தான் வந்தது.

தம்பி குடும்பம் டல்லாஸில் இருக்கிறது. இருவரும் அமெரிக்கக் குடிமக்களாகிவிட்டார்கள். பல வருட மருத்துவம், இரண்டு கருச்சிதைவு எல்லாம் தாண்டித் தத்தெடுக்க முடிவு செய்தபோது தம்பிக்கு 45 வயது, அவன் மனைவிக்கு 43. நம் நாட்டு விதிப்படி தம்பதியின் வயதைக் கூட்டிப் பார்ப்பார்கள். கூட்டுத்தொகை 85ஐத் தாண்டினால் 2 வயதுக்குட்பட்ட குழந்தை கிடையாது. 90 வரை இருந்தால் 2 முதல் 4 வயதுக் குழந்தை. இவர்களுடையது 88. "பரவாயில்லைக்கா, நடந்து வர்ற குழந்தையாவே வரட்டும்" என்றான் தம்பி. அவள் தொட்டில் வாங்கவில்லை, சின்னக் கட்டில் வாங்கிப் போட்டாள்.

அந்தக் கட்டில் போட்டு மூன்று வருடம் ஆகிவிட்டது.

காத்திருப்பது என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது என்று நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. முதலில் அங்கே ஒரு சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து சம்பளம், உடல்நலம், புருஷன் பெண்சாதி சண்டை வரை விசாரித்து அறிக்கை எழுதுகிறார். அதை வைத்து அமெரிக்கக் குடியேற்றத் துறையிடம் ஐ-800ஏ என்ற அனுமதி வாங்க வேண்டும். பிறகு, இந்தியா அங்கீகரித்த அங்குள்ள முகமை வழியாகக் கோப்பு டெல்லியில் இருக்கும் காராவுக்கு, அதாவது மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையத்துக்கு வந்து சேர்கிறது. அதற்கப்புறம்தான் வரிசையே தொடங்குகிறது. இதற்குள் ஐ-800ஏ காலாவதியாகிறது. அது 15 மாதம்தான் செல்லும். மறுபடி கைரேகை, மறுபடி அறிக்கை, மறுபடி பணம். ஒவ்வொரு முறையும் புதுப்பிக்கும்போது அவள் குரல் கொஞ்சம் தேய்ந்துபோவது எனக்குப் போனிலேயே கேட்கும்.

வரிசை ஏன் நகரவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஏமாற்றுகிறவன் பிடித்துக்கொள்ளும் கயிறு இதுதான். குழந்தைக்காகப் பதிவு செய்து காத்திருப்போர் இந்தியாவுக்குள்ளேயே முப்பதாயிரத்துக்கும் மேல். 2024-25ல் நாடு முழுவதும் காரா வழியாக நடந்த தத்தெடுப்பு 4,515. அதில் 4,155 உள்நாட்டிலேயே முடிந்துவிட்டது. வெளிநாட்டுக்குப் போனது மீதிதான். அப்படிப் போகும் குழந்தைகளில் பெரும்பாலோர் வயது கூடியவர்கள், அண்ணன் தங்கையாகச் சேர்ந்தே போக வேண்டியவர்கள், அல்லது சிறப்புக் கவனிப்பு தேவைப்படுகிறவர்கள். ஒரு குழந்தை பிறந்த மண்ணிலேயே வளர முதலில் வழி பார்க்க வேண்டும் என்பதுதான் 1984ல் லட்சுமி காந்த் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி. 1993ன் ஹேக் உடன்படிக்கையும் அதையே சொல்கிறது. சரியான நெறி அது. தம்பிக்காக ஏங்குகிற எனக்கே அதில் குறை சொல்ல மனம் வரவில்லை.

இனி அந்தப் போன்.

ஒரு கல்யாண வீட்டில் அம்மா யாரிடமோ மனம் விட்டுப் பேசியிருக்கிறாள். நான்காம் நாள் ஒரு பெண் போன் செய்தாள். அம்மா, அம்மா என்று அவ்வளவு பணிவு. "நர்ஸா இருந்தவம்மா நான். கல்யாணம் ஆகாத பொண்ணு, காலேஜ் படிக்குது, பெத்துட்டு வெச்சுக்க முடியாம தவிக்குது. குழந்த பொறந்து பத்து நாளாச்சு. நல்ல செவப்பு. டெல்லியில போட்டு வெச்ச பேருக்கு இன்னும் அஞ்சு வருஷம் ஆனாலும் வராதும்மா. நான் மூணே மாசத்துல அமெரிக்காவுக்கு அனுப்ப ஏற்பாடு பண்றேன்." கேட்டது ஆறு லட்சம். முன்பணம் ஐம்பதாயிரம், ஆஸ்பத்திரிச் செலவுக்காம். கடைசியாக, எல்லாக் கவலைக்கும் மருந்து போல ஒன்று சொன்னாள்: "பிறப்புச் சான்றிதழ்லயே உங்க மகன், மருமக பேரப் போட்டுக் குடுத்துடுவோம். தத்துங்கற பேச்சே வராது."

பிறகு வாட்ஸ்அப்பில் படம் வந்தது. மஞ்சள் துண்டில் சுற்றிய குழந்தை. அம்மா அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். எனக்குச் சொல்லாமலே முன்பணத்தை அனுப்பிவிட்டாள். வளையலை அடகு வைக்க எந்தக் கடைக்குப் போகலாம் என்று கேட்டபோதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. அவளைக் கோபிக்க என்னால் முடியவில்லை. 76 வயதில் பேரன் முகம் பார்க்க ஆசைப்படுகிறவளிடம் சட்டப் பிரிவு எண்ணையா சொல்வது?

தம்பி மனைவிதான் முதலில் உடைத்தாள். "அண்ணி, எங்களுக்கு ரெண்டு வயசுக்குக் கீழ குழந்தையே தர மாட்டாங்க. பத்து நாள் குழந்தை எப்படி வரும்? அந்த மாசம் நான் இங்க வேலைக்குப் போயிட்டிருந்தேன். அங்க பெத்ததா எழுதினா என் பாஸ்போர்ட்ல முத்திரை எங்கன்னு கேக்க மாட்டாங்களா?" கேட்பார்கள். பெற்ற குழந்தை என்று சொல்லித் தூதரகத்தில் நின்றால் மரபணுச் சோதனைக்கு அனுப்பலாம். அன்றைக்கு வெளிப்படுவது வெறும் பொய்ச் சான்றிதழ் அல்ல, குழந்தைக் கடத்தல்.

இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்: உங்கள் பெயரில் பிறப்புச் சான்றிதழ் தருகிறேன் என்பவர் குழந்தையைத் தத்துக் கொடுக்கவில்லை, விற்கிறார். இளைஞர் நீதிச் சட்டம் 2015ன் 81ஆம் பிரிவில் விற்பவருக்கு உள்ள அதே தண்டனைதான் வாங்குகிறவருக்கும். 5 ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் அபராதம். மருத்துவமனை ஊழியர் என்றால் 3 முதல் 7 ஆண்டு வரை. "நாங்கள் நல்லா வளர்த்திருப்போமே" என்பது அங்கே வாதமாகாது.

பத்து நாள் குழந்தை என்ற பேச்சே பொய் என்பதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. பெற்றவள் மனமொப்பி ஒப்படைப்பதாக இருந்தாலும் அதை மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன்தான் செய்ய வேண்டும். அதன் பிறகும் மனம் மாறித் திரும்பக் கேட்க அவளுக்கு 60 நாள் அவகாசம் உண்டு. எங்கோ ஒரு லாட்ஜ் அறையில் படுத்துக்கொண்டு, மார்பில் பால் கட்டி அழுகிற ஒரு பெண்ணுக்குச் சட்டம் கொடுத்திருக்கும் 60 நாள் அது. தரகர் முதலில் திருடுவது அதைத்தான்.

நான் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி பணத்தைப் பற்றிக் கேட்கவில்லை. எண்ணையும் படத்தையும் வாங்கிக்கொண்டு, "குழந்தை இப்ப எங்கம்மா இருக்கு?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. ஐம்பதாயிரம் போச்சே என்றே நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் வெட்கமாக இருந்தது. அன்று மாலை அந்த எண் அணைந்துவிட்டது. அது எங்கோ இணையத்திலிருந்து எடுத்த படமா, நிஜமாகவே யாரிடமிருந்தோ பறித்த குழந்தையா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

பறித்த குழந்தையாக இருக்குமா என்று சந்தேகப்படுகிறவர்கள் நம் ஊர் வரலாற்றைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 2005ல் சென்னையில் பிடிபட்ட ஒரு கும்பல், குடிசைப் பகுதிகளிலும் நடைபாதையிலும் தூங்கிய குழந்தைகளைத் தூக்கிப் போய் ஒரு தத்து நிறுவனத்திடம் விற்றது தெரிய வந்தது. அந்தக் குழந்தைகள் கடல் தாண்டிப் போனார்கள். அதில் ஒரு தாய்தகப்பன் நெதர்லாந்து நீதிமன்றம் வரை போய் மரபணுச் சோதனை கேட்டார்கள். அங்கே அந்தப் பிள்ளையை அன்போடு வளர்த்த குடும்பமும் எங்களைப் போலத்தான் வருடக்கணக்கில் காத்திருந்திருக்கும்! 2019ல் ராசிபுரத்தில் ஒரு ஓய்வுபெற்ற செவிலிய உதவியாளர் குழந்தைக்கு நிறம் பார்த்து விலை சொன்ன ஒலிப்பதிவு வெளிவந்தது நினைவிருக்கும். 2021ல் மதுரையில் ஒரு காப்பகம், கொரோனாவில் இறந்துவிட்டதாகக் கணக்குக் காட்டிய குழந்தை உயிரோடு வேறு வீட்டில் மீட்கப்பட்டது. இலங்கையில் 1980களில் ஐரோப்பாவுக்குப் போன ஆயிரக்கணக்கான குழந்தைகளில் பலரின் தாள்களில் இருந்த "அம்மா", கூலிக்கு நடித்த வேறு பெண். இன்று நாற்பது வயதைத் தொட்ட அந்தப் பிள்ளைகள் கொழும்பில் இறங்கித் தேடிப் போனால் அந்த முகவரியில் வேறு யாரோ கதவைத் திறக்கிறார்கள்.

அந்தப் பாவமும் ஒரு காரணமாக, கதவுகள் ஒவ்வொன்றாக அடைபடுகின்றன. எத்தியோப்பியா வெளிநாட்டுத் தத்தை 2018ல் நிறுத்தியது. நெதர்லாந்து, வெளிநாட்டிலிருந்து தத்தெடுப்பதை 2021ல் நிறுத்தி வைத்தது. 1992 முதல் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளை அனுப்பிய சீனா, 2024 செப்டம்பரில் வெளிநாட்டுத் தத்து இனி இல்லை என்று அறிவித்தது. குழந்தையின் படம், பெயர் எல்லாம் கைக்கு வந்து, கொரோனாவால் பயணம் தடைபட்டு நான்கைந்து வருடம் காத்திருந்த நூற்றுக்கணக்கான அமெரிக்கக் குடும்பங்கள் அப்படியே நின்றுபோயின. அந்தச் செய்தி வந்த இரவு தம்பி தூங்கவில்லை. "நம்ம ஊரும் மூடிட்டா?" என்றான். இந்தப் பயம் தரகனுக்கும் தெரியும். "இப்ப விட்டா அப்புறம் சட்டம் மாறிடும்" என்பது அவர்கள் எல்லோரும் சொல்லும் பாட்டு.

இன்னொரு பள்ளம், இது சொந்தபந்தத்துக்குள்ளேயே இருக்கிறது. அம்மா அடுத்து, "தங்கச்சியோட ரெண்டாவது பையனக் குடுத்துட்டா என்ன? ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பத்திரம் போட்டா முடிஞ்சது" என்றாள். என் தங்கைக்கும் சம்மதம்தான். 1956ன் இந்து தத்தெடுப்புச் சட்டப்படி அந்தப் பத்திரம் இங்கே செல்லலாம். ஆனால் பத்திரத்தைக் காட்டி அமெரிக்க விசா வாங்க முடியாது. மாமா, அத்தை என்ற உறவாக இருந்தாலும் வீட்டு அறிக்கை, ஐ-800ஏ, காராவின் தடையில்லாச் சான்று எல்லாம் வேண்டும். வரிசை மாறிப் பத்திரத்தை முதலில் பதிந்துவிட்டால் சிக்கல். சட்டத்தின் கண்ணில் குழந்தை அமெரிக்கத் தம்பதிக்குப் பிள்ளை. படுப்பது பாட்டி வீட்டில். இப்படி மாட்டிக்கொண்டு இரண்டு வருடமாகக் குழந்தைக்குப் போனில் மட்டும் அம்மாவாக இருக்கும் ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். பத்திர எழுத்தரிடம் போவதற்கு முன் காரா அங்கீகரித்த முகமையிடம் கேளுங்கள்.

பணம் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். வெளிநாட்டுத் தம்பதி குழந்தையைப் பராமரிக்கும் நிறுவனத்துக்குக் கட்ட வேண்டியது விதியிலேயே எழுதியிருக்கும் 5,000 டாலர், ரசீதோடு. "நன்கொடை" என்று தனியாகக் கேட்டால் அதுவே முறைகேடு. எந்தக் குழந்தையின் விவரமும் அரசு இணையதளம் வழியாகத்தான் வரும், யாருடைய சொந்தப் போனிலிருந்தும் வராது. கடைசியில் ஆணை போடுவது மாவட்ட ஆட்சியர்; 2022 செப்டம்பர் முதல் அப்படித்தான். ஆட்சியர் கையெழுத்து இல்லாமல் விமான டிக்கெட் வரை பேசுகிற ஆளிடம் ஒரு நிமிடம் கூட நிற்காதீர்கள்.

அப்படி ஒரு போன் வந்தால் திட்டிவிட்டு வைத்துவிட வேண்டாம். எண்ணைக் குறித்துக்கொண்டு, படத்தை அழிக்காமல், 1098க்குச் சொல்லுங்கள். அந்தப் படத்தில் இருப்பது நிஜக் குழந்தையாக இருந்தால், அதைக் கண்டுபிடிக்க அது ஒன்றுதான் தடயமாக இருக்கும்.

அம்மா தன் போனில் இன்னும் அந்தப் படத்தை வைத்திருக்கிறாள். நாங்களும் அழிக்கச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது, தம்பி வீட்டுக் குழந்தைக்கு என்று ஒரு திரி போடுகிறவள், இப்போது மஞ்சள் துண்டுக் குழந்தைக்கும் ஒரு திரி சேர்த்துப் போடுகிறாள். தம்பியும் அவன் மனைவியும் அடுத்த வாரம் மறுபடியும் கைரேகை வைக்கப் போகிறார்கள்.