ஒழுங்கு கல்லாவிலிருந்து தொடங்கட்டும்

வணிகர் இருவர் சந்தித்தால், விலைவாசிக்கு அடுத்தபடியாகப் பேசுவது வேலையாட்களைப் பற்றித்தான். "முன்னைப்போல் ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் ஒழுங்கு இல்லை" என்கிறோம். பள்ளி ஆசிரியர்களைக் கேட்டால், மாணவர்களைப் பற்றி அவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். குறை எங்கே இருக்கிறது என்று சற்று நிதானமாகப் பார்ப்போம்.

1994-ஆம் ஆண்டு தீபாவளி வியாபார நேரம். எங்கள் மொத்தக் கடையில் இரவு கல்லாவை எண்ணியபோது 800 ரூபாய் குறைந்தது. கல்லாவுக்குப் பக்கத்தில் சிட்டை எழுதிக்கொண்டிருந்த இளைஞரைக் கடைவாசலில் நிறுத்திக் கடிந்துகொண்டோம். சட்டைப் பையையும் காட்டச் சொன்னோம். ஒன்றும் இல்லை. மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் மேசை இழுப்பறையில் லாரி வாடகை ரசீது ஒன்று அகப்பட்டது. 800 ரூபாய்! அவசரத்தில் நாங்களே எடுத்துக் கொடுத்துவிட்டு, சிட்டையில் பதியாமல் விட்டிருக்கிறோம்.

அவர் வீட்டுக்குப் போய் வருத்தம் தெரிவித்தோம். அவருடைய தகப்பனார் சொன்னார்: "தெருவிலே நாலு பேர் கேக்கத் திருடன்னு சொன்னீங்க. இல்லேங்கிறதை மட்டும் வீட்டுக்குள்ள வந்து சொல்றீங்களே, முதலாளி."

மறுநாள் அதே வாசலில், எல்லாருக்கும் முன்பாக எங்கள் தவறைச் சொன்னோம். அந்த இளைஞரும் வந்து கேட்டுக்கொண்டார். ஆனால் வேலைக்குத் திரும்பவில்லை. வேறு கடையில் சேர்ந்துவிட்டார். நல்ல கணக்குப் பிள்ளை ஒருவரை எங்கள் ஒழுங்கின்மையால் இழந்தோம். அன்றிலிருந்து, பத்து ரூபாய் எடுத்தாலும் துண்டுச் சீட்டு எழுதிப் போடாமல் முதலாளியும் கல்லாவில் கை வைப்பதில்லை.

இந்தப் பாடத்தைப் பள்ளியிலேயே பார்த்திருந்தோம், மறந்துவிட்டோம். எங்கள் கணக்கு வாத்தியார், தாமதமாக வருபவரைப் பத்து நிமிடம் வகுப்புக்கு வெளியே நிறுத்துவார். ஒருநாள் பேருந்து தவறி அவரே தாமதமாக வந்தார். வாசலில் பத்து நிமிடம் நின்றுவிட்டுத்தான் உள்ளே வந்தார். அதன்பிறகு அவர் வகுப்புக்குத் தாமதமாகப் போக எவருக்கும் மனம் வரவில்லை. அவர் கையில் பிரம்பு இருந்ததில்லை.

இன்று பிரம்புக்குச் சட்டத்திலும் இடமில்லை. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம், பிள்ளைகளை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடை செய்கிறது. கடைகளுக்கும் அப்படியே. நாள் முழுவதும் நிற்பதுதான் மரியாதை என்று நினைத்த காலம் உண்டு. 2021-இல் தமிழகக் கடைகள் சட்டத்தில் வந்த திருத்தம், ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்கிறது. கூட்டம் இல்லாதபோது உட்கார்ந்திருப்பது ஒழுங்கீனம் அல்ல.

பயந்து நடப்பது முதலாளி தலை மறையும்வரைதான். யாரும் பார்க்காதபோதும் நடப்பதே ஒழுங்கு. இன்றைய விருதுநகரான விருதுபட்டியில் 1889-இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலைக்கு, அவ்வூர்க் குடும்பங்கள் தினமும் ஒரு பிடி அரிசி எடுத்துவைத்துக் கொடுத்தன. ஒரு நாள் பிடி குறைந்தால் யாருக்குத் தெரியும்? ஆனாலும் எடுத்துவைத்தார்கள். பெருந்தலைவர் காமராஜர் படித்த பள்ளி அது.

நம் கடைகளில் உடனே செய்யக்கூடியவை சில:

• கடை திறக்கும் நேரத்தைக் குறித்து, முதலில் நாம் வந்து நிற்பது.

• சம்பளத்தைச் சொன்ன தேதியில் கொடுப்பது. தேதி தவறும் முதலாளி, நேரம் தவறும் ஆளைக் கேட்க முடியாது.

• இருப்பு, பற்று வரவு இரண்டையும் அன்றன்றே எழுதி முடிப்பது.

• தவறு கண்டால் தனியே அழைத்துக் கேட்பது. கணக்கைச் சரிபார்க்கும் முன் ஆளைச் சந்தேகிக்காதிருப்பது.

• நம் தவறு என்றால், யார் முன்னால் பேசினோமோ அவர்கள் முன்னாலேயே ஒப்புக்கொள்வது.

மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வைக்கிறோம். தராசு சரியாக இருந்தால்தான் அதில் நிறுத்த சரக்கும் சரியாக இருக்கும். கடையில் அந்தத் தராசு நாம்தான். நம்மையும் அவ்வப்போது சரிபார்த்துக்கொள்வோம்.