கேரம் ஆட்டத்தைக் காணும் முறை

மாணவச் செல்வங்களே, விளையாட்டு என்றவுடன் நம் மனக்கண் முன் தோன்றுவது பரந்த திடலும், ஓடும் கால்களும், ஆரவாரிக்கும் கூட்டமுமே ஆகும். நான்கு கால் கொண்ட ஒரு பலகையைச் சுற்றி அமர்ந்து, ஒரு விரல் நுனியால் ஆடப்படும் ஆட்டத்தைப் பொழுதுபோக்கு என்று சொல்வோம். விளையாட்டு என்று சொல்லத் தயங்குவோம். கேரம் நம்முள் ஏறத்தாழ எல்லார் வீட்டிலும் புகுந்த ஆட்டம். ஆயினும் அதன் தேசியப் பட்டத்தை வென்றவர் யார் என்று கேட்டால் பத்தில் ஒருவர்கூட விடை கூறுவதில்லை. நாற்பது ஆண்டுகள் ஆசிரியனாக இருந்தவன் என்னும் உரிமையில், இவ்வாட்டத்தை எவ்வாறு கண்டு பின்தொடர்வது என்பதை இன்று விளக்க விரும்புகிறேன்.

ஓர் ஆட்டம் பொழுதுபோக்கு என்னும் நிலையிலிருந்து உயர்ந்து போட்டி விளையாட்டாக மதிக்கப்பட மூன்று பொருள்கள் வேண்டும். மாறாத அளவுகள் வேண்டும். சார்பற்ற நடுவர் வேண்டும். அறிந்து காண்போர் வேண்டும். முதல் இரண்டையும் ஆட்டத்தை நடத்தும் சங்கங்கள் தந்துவிடலாம். மூன்றாவதைத் தரவேண்டியவர்கள் நீங்களும் நானுமே.

இதற்கு அயல்நாட்டு எடுத்துக்காட்டு ஒன்று கூறுகிறேன். இங்கிலாந்தில் 'டார்ட்ஸ்' என்றோர் ஆட்டம் உண்டு. சுவரில் மாட்டிய வட்டப் பலகையின் மீது சிறு அம்புகளைக் கையால் எறிவர். 501 என்னும் எண்ணிலிருந்து எறிந்த புள்ளிகளைக் கழித்துக்கொண்டே வந்து, சரியாகச் சுழியில் முடிக்க வேண்டும். மதுக்கடைகளிலே பிறந்த ஆட்டம் அது. ஒரு காலத்தில் வட்டாரத்துக்கு வட்டாரம் பலகையும் வேறு, நின்று எறியும் தூரமும் வேறு. 1920-களில் சங்கம் தோன்றி விதிகளை வகுக்கத் தொடங்கியது. இன்று எறியும் தூரம் 2.37 மீட்டர் என்றும், பலகையின் நடுப்புள்ளி தரையிலிருந்து 1.73 மீட்டர் உயரம் என்றும் எங்கும் ஒரே அளவு. லண்டன் மாநகரின் அலெக்சாந்திரா மாளிகையில் ஆண்டுதோறும் நடைபெறும் உலகப் போட்டியில், 2025 சனவரியில் லூக் லிட்லர் என்னும் 17 வயது இளைஞர் பட்டம் வென்றார். மறு ஆண்டும் அவரே வென்றார். அப்போது முதற்பரிசு 10 இலட்சம் பவுன். அதே போட்டியில் 2025 டிசம்பரில் நம் நாட்டு நிதின் குமார் ஓர் ஆட்டத்தில் வெற்றி பெற்றார். அங்கு இந்தியர் ஒருவர் பெற்ற முதல் வெற்றி அது. மதுக்கடை ஆட்டம் மாளிகை ஏறியது எவ்வாறு? எஞ்சிய எண்ணை மனத்துள் கழித்து, அடுத்த அம்பு எங்கே விழ வேண்டும் என்பதை வீரருக்கு முன்பே அறிந்து காத்திருக்கும் ஆயிரக்கணக்கானோர் அரங்கில் அமர்ந்திருப்பதும் அதற்கொரு காரணம் அன்றோ?

நம் கேரத்துக்கு வருவோம். அளவுகளில் இவ்வாட்டம் எதற்கும் குறைந்ததன்று. ஆடுதளம் 73.5 முதல் 74 சென்டிமீட்டர் வரை பக்கமுள்ள சதுரம். மூலைக்குழி ஒவ்வொன்றும் 4.45 சென்டிமீட்டர் குறுக்களவு உடையது. காயின் எடை 5 முதல் 5.5 கிராம் வரை. அதன் குறுக்களவு 3.18 சென்டிமீட்டரைத் தாண்டலாகாது. ஸ்டிரைக்கர் 15 கிராமுக்கு மிகுதல் கூடாது. குழிக்கும் காய்க்கும் உள்ள வேறுபாடு ஒன்றரைச் சென்டிமீட்டருக்கும் குறைவு என்பதை நோக்குங்கள். இத்துணைச் சிறிய இடைவெளியில், பலகையின் மறுகோடியிலுள்ள காயைச் சட்டத்தில் மோதித் திருப்பி வீழ்த்துகிறார் எனின், அக்கண்ணும் விரலும் எத்துணைப் பயிற்சி பெற்றிருத்தல் வேண்டும்! அன்றியும், ஒவ்வோர் அடியையும் 15 நொடிக்குள் அடித்தாக வேண்டும்.

அடுத்து எண்ணிக்கை. வீட்டில் நாம் கறுப்புக்கு இவ்வளவு, வெள்ளைக்கு இவ்வளவு என்று புள்ளி எண்ணி ஆடுவதுண்டு. போட்டி ஆட்டம் அவ்வாறன்று. ஒருவருக்கு 9 வெள்ளைக் காய். மற்றவருக்கு 9 கறுப்புக் காய். நடுவே ஒரே ஒரு சிவப்புக் காய். அதை விதிநூல் ராணி என்னும். நம் பிள்ளைகள் 'ரெட்' என்பர். காய்களை அடுக்கித் தொடங்கி ஒருவர் தம் காய்களை முற்றும் தீர்க்கும் வரை நடப்பது ஒரு 'போர்டு'. முதலில் தீர்த்தவருக்கு, எதிரியின் காய்கள் எத்தனை எஞ்சியுள்ளனவோ அத்தனை புள்ளி. ராணியையும் அவரே எடுத்திருந்தால் மேலும் 3 புள்ளி. ஆகவே ஒரு போர்டில் பெறக்கூடிய மிகுதி 12. முதலில் 25 புள்ளி எட்டியவரோ, 8 போர்டுகளின் முடிவில் முன்னிற்பவரோ அந்த ஆட்டத்தை வெல்வார். மூன்று ஆட்டங்களில் இரண்டை வென்றவருக்கே பந்தயம்.

இதில் நுட்பமான விதிகள் சில உள. ராணியை வீழ்த்தியவர் அதனையடுத்துத் தம் காய் ஒன்றையும் வீழ்த்திக் 'கவர்' செய்தல் வேண்டும். தவறினால் ராணி மீண்டும் நடுவட்டத்துக்கே திரும்பும். ராணி பலகையில் இருக்கும்போதே தம் கடைசிக் காயை வீழ்த்திவிட்டவர் அந்தப் போர்டையே இழப்பார். 22 புள்ளி எட்டியவருக்கு ராணியால் புள்ளி ஏறாது. முந்தி ஓடுபவனுக்கு எளிய பரிசு கிட்டாதவாறு செய்து, பின்தங்கியவனுக்கு நம்பிக்கை தரும் விதி இது.

இவ்விதிகளை அறிந்து பார்ப்பதற்கும் அறியாது பார்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஒரு நிகழ்ச்சியால் விளக்கலாம். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கோரிமேட்டில் இளைஞர்கள் ஒரு போட்டி நடத்தினர். இறுதிப் பந்தயத்தின் மூன்றாம் ஆட்டம். பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவனுக்கு 22 புள்ளி. அவனை எதிர்த்தவர் ஒரு தொழிலாளி, அவருக்கு 20 புள்ளி. அந்தப் போர்டில் ராணியை அவர் எடுத்துக் கவரும் செய்துவிட்டார். அவருக்கு ஒரே காய் மிச்சம். அதுவும் குழியின் வாயருகே. சிறுவனுக்கு 3 காய் மிச்சம். முறை சிறுவனுடையது. அவனுடைய காய் ஒன்று எளிதில் விழும் நிலையில் இருந்தது. மற்ற இரண்டும் கடினமான இடங்களில் சிக்கிக் கிடந்தன. அவன் அந்த எளிய காயை வீழ்த்தவில்லை. மெல்லத் தட்டி, அதை எதிரியின் காய்க்கு முன்னே கொண்டுபோய் நிறுத்தினான். கூட்டம் 'ஐயோ' என்றது. என் அருகில் நின்ற பெரியவர், "ஏன் சார், கையில் கிடைத்த காயை விட்டுவிட்டானே!" என்று வருந்தினார்.

நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். எளிய காயை அவன் வீழ்த்தி, அடுத்த அடியில் தவறியிருந்தால் அவனுக்கு 2 காய் எஞ்சும். எதிரி தம் கடைசிக் காயை முடித்ததும் அவருக்கு அந்த 2, ராணிக்கு 3, ஆக 5 புள்ளி, 20-உடன் 5 சேர்ந்து 25, பந்தயம் முடிந்தது! எளிய காயை எடுப்பது தோல்விக்கு வழி. வழியை அடைப்பதே பிழைப்புக்கு வழி. இதனைப் பெரியவருக்கு விளக்கினேன். அடைபட்ட காயை எதிரியால் எடுக்க இயலவில்லை. சிறுவன் பொறுமையாகத் தன் காய்களைத் தீர்த்து ஒரே ஒரு புள்ளி பெற்றான். அந்த ஒரு புள்ளிக்கு முதலில் கை தட்டியவர் அப்பெரியவரே. அடுத்த போர்டில் எவர் வென்றார் என்பது இங்கு முக்கியமன்று. அந்தப் பிள்ளையின் சிறந்த அடி எந்தக் காயையும் வீழ்த்தாத அடி என்பதைக் கண்டுகொள்ளும் கண் நமக்கு வேண்டும் என்பதே நான் கூற வந்தது.

இனி, உள்ளூரிலிருந்து நாடு வரை இவ்வாட்டம் செல்லும் பாதையைப் பார்ப்போம். கோரிமேடு மாநில எல்லையில் அமைந்த ஊர். திண்டிவனம் சாலையில் ஜிப்மர் மருத்துவமனையைக் கடந்து சிறிது நடந்தால் தமிழ்நாடு வந்துவிடும். மாலையில் ஒரே பலகையில் ஆடும் நண்பர் இருவருள், ஒருவர் வீடு புதுச்சேரியிலும் மற்றவர் வீடு தமிழ்நாட்டிலும் இருக்கக்கூடும். மாநிலத் தேர்வு என்று வரும்போது இருவரும் வெவ்வேறு சங்கங்களின் வழியே செல்ல வேண்டும். தேசியப் போட்டியில் எதிரெதிரே அமரவும் நேரலாம். தமிழ்நாடோ பல உலக வீரர்களை ஈன்ற மாநிலம். அங்கே அணியில் இடம்பெறுவதே அரிய செயல்.

தேசியப் போட்டியின் முடிவுகளைச் செய்தித்தாளில் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சில வீரர்களின் பெயருக்குப் பின்னே மாநிலத்தின் பெயர் இருக்கும். சிலர் பெயருக்குப் பின்னே ரிசர்வ் வங்கி, ஆயுள் காப்பீட்டுக் கழகம், விமான நிலைய ஆணையம், பெட்ரோலிய விளையாட்டு வாரியம் என்றிருக்கும். பின்னவர்கள் அந்நிறுவனங்களின் அணிக்காக ஆடுபவர்கள். ஏழைக் குடும்பத்து வீரனுக்கு இத்தகைய நிறுவனத்தில் கிடைக்கும் வேலை, பதக்கத்தினும் பெரிய பேறு. அடைப்புக்குறிக்குள் இருக்கும் அந்தச் சிறு சொல்லில் ஒரு குடும்பத்தின் அடுப்பு எரிவதை நீங்கள் காணலாம்.

உலக அளவில் இவ்வாட்டத்தின் தலைநகரம் எது என்று கேட்டால், சென்னை என்று தயங்காது கூறலாம். உலகக் கேரம் கூட்டமைப்பு 1988 அக்டோபர் 15-இல் சென்னையிலேதான் தோன்றியது. அதன் விதிகளை ஒழுங்குபடுத்தி நாடுகளை ஒன்று சேர்ப்பதில் பங்காரு பாபு பெரும்பங்கு ஆற்றினார். 1991-இல் தில்லியில் நடந்த முதல் உலகப் போட்டியில் பட்டம் வென்றவர் சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம். 1995-இல் கொழும்பிலும் அவரே வென்றார். ஒன்பது முறை தேசியப் பட்டம் பெற்ற அவருக்கு 1996-ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது வழங்கப்பட்டது. 2008-இல் பிரான்சு நாட்டின் கான் நகரில் நடந்த உலகப் போட்டியில் மகளிர் பட்டத்தை வென்றவர் இளவழகி. வடசென்னை வியாசர்பாடியில் வண்டி இழுத்துப் பிழைத்த ஒருவரின் மகள். நம்மவர் மட்டுமே வெல்வர் என்று எண்ணிவிடாதீர்கள். 2012-இல் ஆடவர் பட்டத்தை இலங்கையின் நிசாந்த பெர்னாண்டோ கைப்பற்றினார். எதிரி வலியவனாகும்போதுதான் ஆட்டம் வளர்கிறது.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 2024 நவம்பரில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில், ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகளாகிய காசிமா, தனியர், இரட்டையர், குழு ஆகிய மூன்று பிரிவுகளிலும் தங்கம் வென்றார். அவருக்கு வயது 17. தமிழ்நாடு அரசு அவருக்கு 1 கோடி ரூபாயும், உடன் ஆடிய மித்ரா, நாகஜோதி ஆகியோருக்குத் தலா 50 இலட்சமும் வழங்கியது. மறு ஆண்டு மாலத்தீவில் நடந்த உலகக் கோப்பையில், காசிமேட்டைச் சேர்ந்த கீர்த்தனா அதேபோல் மூன்று தங்கம் வென்றார். வியாசர்பாடி, வண்ணாரப்பேட்டை, காசிமேடு ஆகிய மூன்றும் உழைப்பாளர் வாழும் வடசென்னைப் பகுதிகள். பெரிய திடல் வேண்டாத, விலைமிக்க கருவி வேண்டாத, நெருங்கிய தெருவிலும் மன்றத்திலும் ஆடக்கூடிய ஆட்டமாதலின், வசதியற்ற வீட்டுப் பெண்ணுக்கும் உலக மேடை எட்டியது.

ஆயினும் மறவாதீர்கள்: கேரம் ஒலிம்பிக்கில் இல்லை, ஆசிய விளையாட்டிலும் இல்லை. ஆகவே இவ்வீரர்களுக்கு ஊரறிந்த புகழ் தாமாக வருவதில்லை. விமான நிலையத்தில் மாலையிடும் நாள் ஒன்று. மறுநாள் முதல் அவர்கள் பெயரை நினைப்பார் அரியர். பரிசு அரசு தரலாம். வேலை நிறுவனம் தரலாம். மதிப்பை அறிந்து காண்போரே தர இயலும். அம்மதிப்பு இல்லாவிடின், அடுத்த சிறுமியின் தந்தை, "இந்தப் பலகையைக் கட்டி அழுது என்ன பயன்?" என்று கேட்பார், அவர் கேட்பதும் முறையாகவே இருக்கும்.

எனவே மாணவர்களே, உங்களை மூன்று செயல்கள் செய்யுமாறு வேண்டுகிறேன். முதலாவது, விதிகளை ஒரு முறை முழுமையாகப் படியுங்கள். வீட்டிலும் 25 புள்ளிக் கணக்கிலேயே ஆடிப் பழகுங்கள். இரண்டாவது, உங்கள் ஊரில் போட்டி நடந்தால் சென்று ஓரமாக அமைதியோடு அமர்ந்து பாருங்கள். ஒவ்வோர் அடிக்கும் முன்னர், 'நானாயின் எதை ஆடுவேன்' என்று மனத்துள் முடிவு செய்து, பின்னர் வீரர் ஆடுவதோடு ஒப்பிடுங்கள். மூன்றாவது, மாநிலப் போட்டி, தேசியப் போட்டி, உலகப் போட்டி ஆகியவற்றின் முடிவுகளை ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். பெரிய ஆட்டங்களை இன்று இணையத்திலும் காண இயலும். புள்ளிக் கணக்கைத் தாளில் எழுதிக்கொண்டே பாருங்கள். ஓராண்டுக்குள் எந்த வீரர் வெட்டி அடிப்பதில் வல்லவர், எவர் அடைப்பதில் வல்லவர், எவர் 20 புள்ளியைக் கடந்ததும் தடுமாறுபவர் என்பன உங்களுக்கே புலனாகும்.

பிறர் திறமையை நுணுகிக் கண்டு, உரிய இடத்தில் உரிய அளவு பாராட்டக் கற்பதும் கல்வியின் ஒரு பகுதியே. அதைக் கற்பதற்கு உங்கள் வீட்டுக் கூடத்தில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும் அந்தப் பலகையே போதும்.