36 புள்ளி பெற்றும் மேலேறாத அணி

செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தில் வரும் புள்ளிப் பட்டியலை நம் மாணவர்கள் பாடநூலைவிட ஆர்வமாகப் படிப்பார்கள். அந்த ஆர்வத்தைப் பாடத்துக்குப் பயன்படுத்த ஏற்ற பழைய பட்டியல் ஒன்று உண்டு. இங்கிலாந்தின் கால்பந்து லீக்கில் இரண்டாம் டிவிஷன் தொடங்கப்பட்ட 1892-93ஆம் ஆண்டுப் பருவத்தின் பட்டியல் அது. ஏழாம், எட்டாம் வகுப்புகளில் இதைக் கொண்டு நான் கணக்கும் சமூக அறிவியலும் நடத்துகிறேன். மதிப்பீடு பற்றி ஆசிரியர்களாகிய நாம் யோசிக்கவும் அதில் செய்தி இருக்கிறது.

பின்னணி

பணம் பெற்று விளையாடுவதை இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 1885இல் அனுமதித்தது. சம்பளம் கொடுக்க வேண்டுமானால் நிலையான வருமானம் வேண்டும். அதற்கு நாள் குறித்த, உறுதியான ஆட்டங்கள் வேண்டும். எனவே 1888இல் 12 அணிகளோடு லீக் உருவானது. 1892இல் ஃபுட்பால் அலையன்ஸ் என்ற போட்டி அமைப்பின் அணிகளையும் சேர்த்துக்கொண்டு, 16 அணிகள் முதல் டிவிஷன், 12 அணிகள் இரண்டாம் டிவிஷன் எனப் பிரித்தார்கள்.

அந்த 12 அணிகளின் ஊர்களை வரைபடத்தில் குறிக்கச் சொன்னால் தொழிற்புரட்சிப் பாடம் கண்முன் விரியும். டார்வன் பருத்தி ஆலைகளின் ஊர். க்ரூ ரயில்வே ஊர். பர்ஸ்லம் மட்பாண்டத்துக்கும், வால்சால் தோல் பொருளுக்கும், நார்த்விச் உப்புக்கும், கிரிம்ஸ்பி மீன்பிடிக்கும் பெயர் பெற்றவை. சனிக்கிழமை பிற்பகல் ஓய்வு கிடைத்த தொழிலாளர்களே பார்வையாளர்கள்.

பட்டியலில் உள்ள கணக்கு

ஒவ்வோர் அணியும் மற்ற 11 அணிகளோடும் சொந்த ஊரில் ஒன்று, எதிரணியின் ஊரில் ஒன்று என இருமுறை மோதின. அப்படியானால் ஓர் அணிக்கு 22 ஆட்டங்கள். மொத்த ஆட்டங்கள் எத்தனை? 12ஐ 22ஆல் பெருக்கி 264 என்று பலர் சொல்வார்கள். ஓர் ஆட்டத்தை இரண்டு அணிகள் சேர்ந்து ஆடுவதால் அதில் பாதி, 132 என்பதே சரி.

வெற்றிக்கு 2 புள்ளி, சமநிலைக்கு ஆளுக்கு 1 புள்ளி. யார் வென்றாலும் ஓர் ஆட்டத்தில் பகிரப்படுவது 2 புள்ளிதான். ஆகவே பருவம் முடியும்போது எல்லா அணிகளின் புள்ளிகளையும் கூட்டினால் 264 வந்தாக வேண்டும். அந்த ஆண்டின் புள்ளிகள் இவை: 36, 35, 30, 23, 21, 20, 20, 19, 17, 15, 15, 13. கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சரியாக 264 வரும். இன்று போல் வெற்றிக்கு 3 புள்ளி என்றால் மொத்தம் ஏன் மாறிக்கொண்டே இருக்கும் என்பது அடுத்த கேள்வி.

ஒரு தேர்வின் முடிவு

36 புள்ளியோடு முதலிடம் பெற்றது ஸ்மால் ஹீத். பின்னாளில் பர்மிங்காம் சிட்டி ஆன அணி இது. 17 வெற்றி, 2 சமநிலை, 3 தோல்வி. அடித்த கோல்கள் 90. ஆனால் முதலிடம் பிடித்தால் மட்டும் மேலே போக முடியாது. இரண்டாம் டிவிஷனின் முதல் மூன்று அணிகள், முதல் டிவிஷனின் கடைசி மூன்று அணிகளோடு பொது மைதானத்தில் ஒரு தேர்வு ஆட்டம் ஆட வேண்டும். இதற்கு டெஸ்ட் மேட்ச் என்று பெயர். கிரிக்கெட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

ஸ்மால் ஹீத்துக்கு எதிராக வந்தது நியூட்டன் ஹீத், அதாவது பிற்கால மான்செஸ்டர் யுனைடெட். மேல் டிவிஷனில் 30 ஆட்டங்களில் 6 மட்டுமே வென்று கடைசி இடத்தில் இருந்த அணி அது. முதல் ஆட்டம் 1-1. மறு ஆட்டத்தில் நியூட்டன் ஹீத் 5-2 என வென்று மேலேயே நீடித்தது. இரண்டாம் இடம் பெற்ற ஷெஃபீல்டு யுனைடெட்டும், மூன்றாம் இடம் பெற்ற டார்வனும் தத்தம் ஆட்டங்களில் வென்று மேலேறின. முதலிடம் பெற்ற அணி மட்டும் கீழேயே நின்றது.

இந்த இடத்தில் நிறுத்தி, இது நியாயமா என்று கேட்பேன். "அப்புறம் எதுக்கு சார் 22 ஆட்டம் ஆடினாங்க?" என்று ஒரு மாணவி கேட்டாள். "பெரிய டீமை ஜெயிச்சுக் காட்டினால்தானே மேலே போக முடியும்?" என்றான் இன்னொருவன். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆண்டு முழுவதும் காட்டும் உழைப்பும் ஒருநாள் செயல்பாடும் வெவ்வேறானவற்றை அளக்கின்றன. ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் ஒப்படைக்கும்போதுதான் சிக்கல். வளரறி மதிப்பீட்டுப் பதிவேட்டில் எழுதும் குறிப்புகளை, பருவத் தேர்வு மதிப்பெண் வந்ததும் நாம் திருப்பிப் பார்க்கிறோமா என்பதும் இதே கேள்விதான்.

லீக்கும் தன் தேர்வு முறையைத் திருத்திக்கொண்டது. 1898இல் தேர்வுச் சுற்றின் கடைசி ஆட்டம் சமநிலையில் முடிந்தாலே ஸ்டோக், பர்ன்லி இரண்டுக்கும் மேல் டிவிஷனில் இடம் உறுதி என்ற நிலை. இரு அணிகளும் கோல் அடிக்க முயலாமல் 0-0 என முடித்தன. அதோடு அந்த முறை கைவிடப்பட்டு, முதல் இரண்டு இடம் பெறும் அணிகள் நேரடியாக மேலேறும் விதி வந்தது.

தோற்றவர்கள் என்ன ஆனார்கள் என்பதையும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். தேர்வு ஆட்டத்தில் ஷெஃபீல்டிடம் தோற்ற அக்ரிங்டன், லீக்கைத் தொடங்கிய 12 அணிகளில் ஒன்று. இரண்டாம் டிவிஷனில் ஆட மனமில்லாமல் லீக்கைவிட்டே விலகியது; சில ஆண்டுகளில் அந்த அணியே இல்லாமல் போனது. ஸ்மால் ஹீத் அதே இரண்டாம் டிவிஷனில் மறுபடி ஆடி, அடுத்த ஆண்டு இரண்டாம் இடம் பெற்றது. தேர்வு ஆட்டத்தில் டார்வனை வென்று மேலேறியது.

உங்கள் வகுப்பிலும் ஐந்து குழுக்களை வைத்து ஒரு சிறு லீக் நடத்திப் பாருங்கள். ஒருமுறை மோதினால் 10 ஆட்டங்கள், 20 புள்ளிகள். யார் மேலே போக வேண்டும் என்ற விதியை ஆட்டம் தொடங்கும் முன்பே மாணவர்கள் எழுதட்டும். முடிவு வந்த பிறகு அந்த விதி சரிதானா என்று அவர்களே விவாதிக்கட்டும்.