கடைக்கு வெளிச்சம் போடும் நாம், கடைப் பையனுக்குப் போடுகிறோமா?

கண்ணில் படுவதன் பெறுமதியை ஒரு வியாபாரிக்குச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. கடை திறக்க முன்பே பெயர்ப்பலகைக்கு என்ன நிறம், எத்தனை லைட், பாதையின் எந்தப் பக்கமிருந்து வருபவருக்கு முதலில் தெரியும் என்றெல்லாம் கணக்குப் பார்க்கிறோம். ஆனால் அதே கடையின் சாமானையும் காசையும் சுமந்துகொண்டு மோட்டார் சைக்கிளில் போகும் பையன் மற்றவர்களின் கண்ணுக்குத் தெரிகிறானா என்று பார்ப்பவர்கள் நம்மில் மிகக் குறைவு. கறுப்பு ஹெல்மட், கறுப்பு ஜக்கெட், சேறு படிந்த பின் லைட். மஃரிப் நேரத்தில் இந்தக் கோலத்தில் பிரதான வீதியில் போகிறவர் ஏறக்குறைய மறைந்துதான் போகிறார்.

இலங்கையில் பதிவு செய்யப்பட்ட வாகனங்களில் பாதிக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்கள். அண்மைய வருடங்களில் வீதி விபத்துகளால் வருடத்துக்கு இரண்டாயிரத்துக்கும் அதிகமானோர் உயிரிழக்கின்றனர். அவர்களில் மிகப் பெரிய தொகையினர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. நிலுவைக் காசு சேர்க்கவும், ஓடர் எடுக்கவும், பாண் விற்கவும், சாப்பாட்டுப் பார்சல் கொடுக்கவும் நாம் அனுப்புகின்ற பிள்ளைகளும் ஓடுவது இதே பாதைகளில்தான்.

"நான் காணவேயில்லை"

மோட்டார் சைக்கிளில் மோதிய சாரதி முதலில் சொல்வது இந்த வார்த்தையைத்தான். அநேகமாக அது பொய்யல்ல. அமெரிக்காவின் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹரி ஹேர்ட் என்பவரின் குழுவினர், லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே சென்று ஆராய்ந்து 1981இல் அறிக்கை வெளியிட்டனர். வேறு வாகனமும் சம்பந்தப்பட்ட விபத்துகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கில், மோட்டார் சைக்கிளுக்கு உரிய வழியை மற்றச் சாரதியே மறித்திருந்தார். அவர் மோட்டார் சைக்கிளைக் காணவில்லை, அல்லது கண்டபோது நேரம் கடந்துவிட்டது.

இதற்குக் காரணங்கள் உண்டு. முன்னாலிருந்து பார்க்கும்போது மோட்டார் சைக்கிள் மிக ஒடுக்கமானது. வேனின் முன் கண்ணாடிக்குப் பக்கத்திலுள்ள தூணே அதை முழுமையாக மறைத்துவிடும். சந்தியில் நிற்கும் சாரதியின் மனம் பஸ்ஸையும் லொறியையும் தேடுகிறதே தவிர சிறியதைத் தேடுவதில்லை. கண்டாலும், சின்ன உருவம் தூரத்தில் மெதுவாக வருவது போலவே தோன்றும். "இன்னும் தூரம்தானே" என்று எண்ணி நமது பாதைகளில் வலது பக்கம் திருப்புகிறார்கள். மோதல் அங்கேதான் நடக்கிறது.

இப்போது தூரத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் போகும் வாகனம் ஒரு செக்கனில் ஏறக்குறைய 17 மீற்றர் ஓடுகிறது. சாரதி கண்டு, காலை வைத்து, பிரேக் பிடித்து வாகனம் நிற்க 40 மீற்றருக்கு மேல் தேவை. டிம் லைட்டில் கறுப்பு உடை 30 மீற்றர் அளவில்தான் தெரியத் தொடங்குமென்றால், அந்தச் சாரதி எவ்வளவு நல்லவராக இருந்தும் என்ன பயன்?

பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று

ரிப்ளெக்டர் ஜக்கெட் வாங்குவோர் ஒரு விடயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதிலுள்ள பளிச்சென்ற மஞ்சள் அல்லது செம்மஞ்சள் துணி பகலுக்கானது. சூரிய ஒளியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பகுதியை அது தெரியும் ஒளியாக மாற்றுவதால், மேகமூட்டத்திலும் மாலை மங்கலிலும் எடுத்துக் காட்டும். இரவில் அந்தத் துணியால் பெரிய பயனில்லை. இரவில் வேலை செய்வது வெள்ளிப் பட்டிதான். வாகனத்தின் லைட் ஒளியை வந்த திசைக்கே அது திருப்பி அனுப்புவதால், சாரதிக்கு 100 மீற்றருக்கு அப்பாலேயே தெரிந்துவிடும். எனவே பட்டியில்லாத வெறும் மஞ்சள் பனியன் இரவு டிலிவரிக்குப் போதாது. பட்டி ஊத்தை பிடித்தாலும், பல தடவை கழுவித் தேய்ந்தாலும் அதன் சக்தி குறையும். மாற்றத்தான் வேண்டும்.

இவற்றால் உண்மையில் பலன் உண்டா? நியூசிலாந்தின் ஓக்லண்ட் நகரில் செய்யப்பட்டு 2004இல் வெளியான ஆய்வின்படி, ஒளிரும் அல்லது ஒளி தெறிக்கும் உடை அணிந்தவர்களுக்கு விபத்தில் காயமடையும் ஆபத்து 37 வீதம் குறைவாக இருந்தது. கறுப்பு ஹெல்மட்டுடன் ஒப்பிடுகையில் வெள்ளை ஹெல்மட் அணிந்தோருக்கு 24 வீதம் குறைவு. பகலிலும் ஹெட் லைட் போட்டு ஓடியவர்களுக்கு 27 வீதம் குறைவு. மலேசியா 1992இலேயே பகலில் மோட்டார் சைக்கிள் லைட் போடுவதைக் கட்டாயமாக்கியது. கண்ணில் படாமையால் நேரும் விபத்துகள் அங்கு சுமார் 29 வீதத்தால் குறைந்ததாக ஆய்வாளர்கள் கண்டனர். இந்தியாவில் 2017 ஏப்ரல் முதல், எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் லைட் தானாகவே எரியும் விதத்தில்தான் மோட்டார் சைக்கிள்கள் தயாரிக்கப்பட வேண்டும். நம்மிடமுள்ள பழைய வண்டிகளில் சுவிட்சைப் போடுவதற்கு ஒரு சதமும் செலவில்லை.

மூட்டைக்குப் பின்னால் மறையும் லைட்

நமது வியாபாரத்துக்கே உரிய ஒரு தவறும் உண்டு. பின்னால் பெட்டியை, அரிசி மூட்டையைக் கட்டும்போது பின் லைட்டும் சிக்னலும் நம்பர் பிளேட்டும் மறைந்துவிடுகின்றன. பையனின் முதுகிலுள்ள வெள்ளிப் பட்டியையும் பெட்டி மூடிவிடும். ஜக்கெட் வாங்கிக் கொடுத்தும் பின்னால் வரும் டிப்பருக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே ஒளி தெறிக்கும் டேப்பை பெட்டியின் பின்புறத்திலும் இரு பக்கங்களிலும் ஒட்ட வேண்டும். ஹெல்மட்டின் பின்பக்கத்திலும் ஒட்டலாம். கணுக்காலில் ஒரு பட்டி கட்டினால், கால் அசையும்போது "இது மனிதன்" என்று சாரதியின் மனம் விரைவாக அடையாளம் காணும். குடும்பத்தோடு இரவில் போகிறவர்களும் இதைக் கவனிப்பது நல்லது. பின்னால் இருப்பவரின் கறுப்பு அபாயா, முன்னால் இருப்பவரின் ஜக்கெட்டை முழுமையாக மறைத்துவிடும்.

வெளிச்சம் என்றதும் கண்ணைக் கூசச் செய்யும் எல்.ஈ.டி. லைட்டுகளைப் பூட்டுவது வேறு விடயம். எதிரில் வருபவரைக் குருடாக்கினால் அவர் நம்மையும் காணமாட்டார், நமக்குப் பின்னால் வருபவரையும் காணமாட்டார்.

செலவு யாருடையது?

"ஹெல்மட்டும் ஜக்கெட்டும் அவனவன் வாங்கிக்கொள்ள வேண்டியது" என்பது நமது முதலாளிமார் சிலரின் நிலைப்பாடு. கடையின் தராசை ஊழியரிடம் வாங்கி வரச் சொல்கிறோமா? கடை வேலைக்காகப் பாதையில் போகிறவரின் ஜக்கெட்டும் கடைச் சாமான்தான். வேலையின்போது வேலை காரணமாகக் காயப்பட்டால் தொழில் வழங்குநர் நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று நமது நாட்டுச் சட்டம் 1934ஆம் ஆண்டிலிருந்தே சொல்கிறது. சட்டத்தை ஒரு பக்கம் வைத்தாலும், ஒரு குடும்பத்தின் உழைப்பாளி படுக்கையில் விழுந்தால் அந்த வீட்டு வாசலுக்கு நாம் என்ன முகத்தோடு போவது?

லொறி, வேன் வைத்திருப்போருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் சாரதியிடம் சொல்லி வையுங்கள்: சந்தியில் ஒரு தரம் பார்த்தது போதாது. தலையைச் சற்று அசைத்து, தூணுக்குப் பின்னாலும் இன்னொரு தரம் பார்த்துவிட்டே திருப்ப வேண்டும். அதேபோல் மோட்டார் சைக்கிளில் போகிறவரும், ஜக்கெட் போட்டுவிட்டோம், எல்லோரும் காண்பார்கள் என்று நம்பி வேகத்தைக் கூட்டக்கூடாது.

நோன்பு காலத்தில் இரவு வியாபாரம் கூடும். பாதையில் நமது பிள்ளைகளும் கூடுவார்கள். அதுவரை காத்திருக்காமல், இந்த வாரமே கடை மூடும் நேரத்தில் வண்டியைச் சாமானோடு வெளியே நிறுத்தி, 50 மீற்றர் பின்னால் போய் நின்று ஒரு தரம் பாருங்கள். உங்கள் பெயர்ப்பலகை தெரியும். பையன் தெரிகிறானா?