நிணநீர்ப் புற்றுநோயும் இரத்தச் சோதனையும்

கழுத்திலோ அக்குளிலோ வலியின்றி வளரும் கணு வீக்கத்திற்குக் காசநோய் நம் நாட்டில் ஒரு பொதுவான காரணமாகும். லிம்போமா எனப்படும் நிணநீர்ப் புற்றுநோயும் அவ்வாறே தோன்றக்கூடும். ஆதலால் கணுவின் திசுவை ஆராய்ந்தே நோயை உறுதி செய்தல் வேண்டும். இரத்தச் சோதனை மட்டும் அதற்குப் போதாது. ஆயினும், நோய் உறுதியான பின்னர் அதன் போக்கை முன்னறிய இரத்தம் பெரிதும் துணை செய்கிறது.

தானே கடற்கழியின் கீழ்க்கரையிலுள்ள ஐரோலிவாசிகளுக்கு இத்துறையில் இரு நிலையங்கள் எட்டும் தொலைவில் உள்ளன. ஒன்று, பரேலில் 1941-இல் திறக்கப்பட்டு, 1962 முதல் அணுசக்தித் துறையின் பொறுப்பில் இயங்கும் டாட்டா நினைவு மருத்துவமனை. மற்றொன்று, நவி மும்பையின் கார்கரில் அதனைச் சார்ந்து இயங்கும் ஆராய்ச்சி மையம்.

ஐந்து அளவைகள்

தீவிர வகை லிம்போமாவுக்கென 1993-இல் பன்னாட்டு முன்கணிப்புக் குறியீடு வகுக்கப்பட்டது. வயது 60-ஐக் கடத்தல், நோய் மூன்றாம் அல்லது நான்காம் நிலையை எட்டுதல், கணுக்களுக்கு வெளியே ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பரவுதல், வேலை செய்ய இயலாத தளர்ச்சி, இரத்தத்தில் எல்.டி.எச். என்னும் நொதி மிகுதல் ஆகிய ஐந்துக்கும் தலா ஒரு புள்ளி. அந்த ஆய்வில், ஒரு புள்ளிக்கு மேற்படாதோரில் 73 விழுக்காட்டினர் ஐந்தாண்டுகள் உயிர்வாழ்ந்தனர். நான்கு, ஐந்து புள்ளிகள் பெற்றோரில் 26 விழுக்காட்டினரே வாழ்ந்தனர். பின்னாளில் ரிடுக்சிமாப் மருந்து சேர்க்கப்பட்டதால் இந்நிலை மேம்பட்டுள்ளது.

எல்.டி.எச். உயிரணுக்களுக்குள் இருக்கும் நொதி. புற்றணுக்கள் விரைந்து பெருகி மடியும்போது அது இரத்தத்தில் கலக்கிறது. எனவே அது நோயின் அளவையும் வேகத்தையும் உணர்த்துகிறது. முற்றிய ஹாட்ஜ்கின் வகைக்கு 1998-இல் வகுக்கப்பட்ட ஏழு அளவைகளுள் நான்கு இரத்தம் பற்றியவை: ஆல்புமின், ஹீமோகுளோபின், வெள்ளணு, நிணநீரணு ஆகியவற்றின் அளவுகள். இவை பெரும்பாலும் எளிய ஆய்வுக்கூடத்திலேயே செய்யத்தக்க சோதனைகளாகும்.

எச்சரிக்கை தேவை

இந்த எண்களை அப்படியே ஏற்றலும் பிழையாகும். இரும்புச்சத்துக் குறைவால் ஹீமோகுளோபின் தாழும். ஊட்டக்குறைவால் ஆல்புமினும் தாழக்கூடும். கல்லீரல் நோயாலும் எல்.டி.எச். உயரும். எடுத்த இரத்தம் கொண்டுசெல்லும் வழியில் குலுங்கிச் சிவப்பணுக்கள் சிதைந்தாலும் அது பொய்யாக உயர்ந்து காட்டும். ஐயம் எழுந்தால் மீண்டும் இரத்தம் எடுத்துச் சோதிப்பதே முறை.

மேலும், குறியீடு ஒரு குழுவின் சராசரியைக் கூறுமேயன்றித் தனி ஒருவரின் விதியை எழுதுவதில்லை. மிகுந்த புள்ளி பெற்றவர் கைவிடப்பட வேண்டியவர் அல்லர். கூடுதல் கண்காணிப்புக்கு உரியவர். நோய் மீண்ட சிலருக்கென, மும்பை ஐ.ஐ.டி.யும் டாட்டா நினைவு மையமும் உருவாக்கிய உயிரணுச் சிகிச்சைக்கு 2023-இல் ஒப்புதல் கிடைத்தது. நம்பத்தக்க ஆய்வுக்கூடமும், இடையில் நின்றுவிடாத சிகிச்சையும் அமைந்தால்தான் முன்னறிவிப்பு நோயாளிக்குப் பயன்படும்.