மருத்துவர் பிழையும் மக்கள் பணமும்

உசிலம்பட்டிப் பக்கத்துக் காதணி விழாக்களில் மொய் எழுதும் வழக்கத்தை மதுரைச் சீமையில் அறியாதார் இலர். பந்தலின் ஓரத்தில் ஒருவர் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பார். வருவோரின் பெயரும் ஊரும் தொகையும் அதில் ஏறும். ஒரு வீட்டின் பெருஞ்செலவை ஊரார் பலர் சிறு சிறு தொகைகளாகப் பகிர்ந்து தாங்குகின்றனர். இன்ஷ்யூரன்ஸ் என்று நாம் வழங்கும் காப்பீடும் இதே அறிவின் வழிவந்தது எனலாம். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. மொய்ப் பணம் நம் வீட்டு விழாவன்று திரும்பி வந்தாக வேண்டும். வாராவிடில் மனத்தாங்கல் வரும். பிரிமியம் என்னும் காப்பீட்டுக் கட்டணமோ துன்பம் நேர்ந்தவனுக்கே போய்ச் சேரும். துன்பம் நேராதவன், தனக்கு ஒன்றும் கிடைக்கவில்லையே என்று மகிழ வேண்டியவன்!

மாணவ மாணவியரே, மருத்துவர்களும் இவ்வாறு கட்டணம் செலுத்திக் காப்பீடு செய்துகொள்கின்றனர் என்பதை உங்களுள் பலர் அறிந்திருக்கமாட்டீர்கள். அறுவைக் கத்தியைப் பிடிக்கும் கை என்றேனும் தவறலாம். தவறினால் நோயாளி வழக்குத் தொடுப்பார். நீதிமன்றம் இழப்பீடு விதிக்கும். அதனை மருத்துவருக்காகக் காப்பீட்டுக் கழகம் செலுத்தும். கட்டணம் வாங்கிக்கொண்டு செய்யும் மருத்துவமும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்ட சேவையே என்று நம் உச்ச நீதிமன்றம் 1995-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்த பிறகு, இத்தகைய காப்பீடு இந்தியாவில் பரவலாயிற்று.

இழப்பீடுகள் பெருகிக்கொண்டே போனால் என்ன ஆகும்? அமெரிக்க நாடு இதைக் கண்டது. 1970-களில் அங்கே பல காப்பீட்டுக் கழகங்கள் மருத்துவர்களுக்குக் காப்பீடு அளிக்க மறுத்தன. அளித்தவையும் கட்டணத்தைப் பன்மடங்கு உயர்த்தின. அத்துறையில் பெரிய கழகமாக விளங்கிய செயின்ட் பால், 2001 டிசம்பரில் அதைவிட்டே விலகியது. மகப்பேறு பார்க்கும் மருத்துவர் கிடைப்பது அரிதாகிவிடுமோ என்று அரசுகள் அஞ்சின. பென்சில்வேனியா மாநிலம் 2003 முதல் சில ஆண்டுகள், மருத்துவர் செலுத்த வேண்டிய காப்புத் தொகையில் ஒரு பகுதியைச் சிகரெட் வரியிலிருந்து எடுத்துத் தானே செலுத்தியது. புகைப்பவனின் காசு பிரசவ அறைக்குப் போயிற்று; இதிலுள்ள வேடிக்கையை நீங்களே சிந்தித்துப் பாருங்கள்.

நம் நாட்டில் அரசு இப்படி மருத்துவருக்காகக் காப்பீட்டுக் கட்டணம் செலுத்தியது உண்டா? உண்டு. குடும்பக் கட்டுப்பாட்டு அறுவையின் பொருட்டு அது நிகழ்ந்தது. சிற்றூர்களில் மக்கள் 'கு.க. ஆபரேஷன்' என்று சுருக்கிச் சொல்லுவதுதான் இது. 1952-இல் இந்திய அரசு குடும்பநலத் திட்டத்தைத் தொடங்கிற்று. அரசு விரும்பி அழைத்து, ஊக்கத் தொகையும் கொடுத்துச் செய்விக்கும் அறுவை இஃது என்பதை மறவாதீர்கள். வயிற்றுவலிக்கு மருத்துவம் தேடிச் செல்பவர் நிலை வேறு. அரசின் அழைப்பை ஏற்றுச் செல்பவர் நிலை வேறு.

இந்த அறுவை நூற்றுக்கு நூறு பயன் தருவதன்று. கருக்குழாயைக் கட்டிய பின்னும், முதலாண்டில் ஆயிரம் பெண்களுள் ஏறத்தாழ ஐவர் கருவுறுகின்றனர். வெட்டிய குழாய் இயற்கையாகவே மீண்டும் இணைந்துவிடுவதும் உண்டு. அதில் மருத்துவர்மீது குற்றமில்லை. மருத்துவர் கவனக்குறைவால் ஒரு குழாயைக் கட்டாமலே விட்டுவிடுவதும் உண்டு. குர்காவ்னில் 1988-ஆம் ஆண்டு ஏழு குழந்தைகளுக்குத் தாயான ஒரு கூலித் தொழிலாளிக்கு அவ்வாறே நேர்ந்தது. வலக் குழாய் கட்டப்பட்டது. இடக் குழாய் கட்டப்படவில்லை. எட்டாவது குழந்தை பிறந்தது. அக்குழந்தையை வளர்க்கும் செலவுக்காக ஹரியானா அரசு 54,000 ரூபாய் தர வேண்டும் என்பதை 2000-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

2005-ஆம் ஆண்டில் இரண்டு செய்திகள் அடுத்தடுத்து வந்தன. மார்ச்சு மாதத்தில், அறுவை செய்துகொள்வோருக்கு எல்லா மாநிலங்களும் காப்பீடு ஏற்படுத்த வேண்டும் என்றும், நடுவண் அரசின் படிவம் ஆயத்தமாகும் வரை தமிழ்நாடு பின்பற்றும் படிவத்தையே கொள்ள வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் இடைக்கால ஆணை பிறப்பித்தது. நம் மாநிலத்துக்குப் பெருமை தருவதாகிய இச்செய்தி நம் பாடநூல்களில் இடம்பெறாதது வியப்பே. ஆகஸ்டு மாதத்தில் வேறொரு வழக்கில், அறுவை பயனற்றுப் போனது ஒன்றைக் கொண்டே மருத்துவரைக் குற்றவாளி ஆக்க இயலாது, கவனக்குறைவு மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்று அதே நீதிமன்றம் கூறியது. எனினும் ஏழைக் குடும்பத்தின் இன்னலைக் கருதி, நலநிதி ஒன்றையோ காப்பீட்டையோ அரசுகள் எண்ணிப் பார்க்கலாம் என்றும் அறிவுரை பகர்ந்தது.

அவ்வாண்டு நவம்பர் 29 முதல் திட்டம் நடைமுறைக்கு வந்தது. நடுவண் அரசு கட்டணம் செலுத்த, ஓரியண்டல் இன்ஷ்யூரன்ஸ் கழகம் பொறுப்பேற்றது. பின்னர் ஐசிஐசிஐ லம்பார்டு ஏற்றது. திட்டத்துக்கு இரு கிளைகள். முதற்கிளை அறுவை செய்துகொண்டவருக்கு உரியது: மருத்துவமனையிலோ, வீடு திரும்பிய 7 நாள்களுக்குள்ளோ இறப்பு நேர்ந்தால் குடும்பத்துக்கு 2 இலட்சம் ரூபாய்; அறுவை பயன்படாவிடில் 30,000 ரூபாய் என்ற அளவில் தொகைகள் வகுக்கப்பட்டன. யார் தவறு என்ற வாதம் இதில் தேவையில்லை. இரண்டாம் கிளை மருத்துவருக்கு உரியது: வழக்கு வருமாயின் ஒரு வழக்குக்கு 2 இலட்சம் ரூபாய் வரை, ஆண்டுக்கு நான்கு வழக்குகள் வரை, காப்பு.

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் அறுவைகளில் ஐந்து பயன்படவில்லை என்று கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் 30,000 வீதம் 1,50,000 ரூபாய் வேண்டும். ஆயிரத்தால் வகுத்தால் ஓர் அறுவைக்கு 150 ரூபாய். கழகம் இதனோடு தன் அலுவலகச் செலவையும் ஊதியத்தையும் சேர்த்தே கட்டணம் கேட்கும். தனி மருத்துவர் ஒருவருக்கு அந்த மிகுதியைக் கொடுப்பது தகும். ஏனெனில் ஒரே வழக்கு அவருடைய வாழ்நாள் சேமிப்பை அழித்துவிடக் கூடும். அரசின் நிலை அத்தகையதன்று. ஆண்டுதோறும் பல இலட்சம் அறுவைகளைச் செய்விக்கும் அரசுக்குச் சராசரி பெரிதும் பிறழாது. எவ்வளவு செலவாகும் என்பதை முன்கூட்டியே மதிப்பிடலாம். தானே தாங்கக் கூடிய சுமைக்கு இடையில் ஒருவரை வைத்துக் கூலி கொடுப்பானேன்? 2013 ஏப்ரல் 1 முதல் காப்பீட்டுக் கழகம் விலக்கப்பட்டு, மாநிலங்களே நேராக இழப்பீடு வழங்கும் முறை வந்தது. இம்மாற்றம் சரியானதே என்பது என் கருத்து.

ஆனால் பணம் எளிதிற் கிடைப்பதால் கவனம் தளர்ந்துவிடாதா என்று கூர்மதியுள்ள மாணவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வியே. 2014 நவம்பரில் சத்தீஸ்கர் மாநிலத்துப் பிலாஸ்பூர் அருகே ஒரே முகாமில் 83 பெண்களுக்குச் சில மணி நேரத்தில் அறுவை நடந்தது. அவர்களுள் 13 பேர் மாண்டனர். இழப்பீட்டுத் திட்டம் அன்றும் நடைமுறையில் இருந்தது. அந்தப் பெண்களைக் காக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இத்தகைய முகாம்களை மூன்றாண்டுகளுக்குள் நிறுத்த வேண்டும் என்றும், இழப்பீட்டை உயர்த்த வேண்டும் என்றும் பணித்தது. இரண்டையும் ஒரே தீர்ப்பில் சொன்னதுதான் அறிவுடைமை. நியூசிலாந்து 1974 முதல், விபத்துக்கு ஆளானவர் வழக்காடாமலே பொது நிதியிலிருந்து உதவி பெறும் முறையைக் கைக்கொண்டுள்ளது. அங்கும் மருத்துவரின் ஒழுங்கை விசாரிக்கும் அமைப்புகள் தனியே இருக்கின்றன.

ஓய்வு பெற்றபின் அக்கம்பக்கத்தாருக்கு மனு எழுதிக் கொடுப்பது எனக்கு வழக்கமாயிற்று. மேலூருக்குக் கிழக்கேயுள்ள ஒரு சிற்றூரிலிருந்து களையெடுக்கும் பெண்மணி ஒருவர், கைக்குழந்தையுடன் வந்தார். இரண்டாவது பேறு முடிந்ததும் அறுவை செய்துகொண்டவர். கையில் இருந்ததோ மூன்றாவது குழந்தை. சான்றிதழ் எங்கே என்று கேட்டேன். “ஒரு சீட்டுக் குடுத்தாங்கய்யா, கூரை மாத்துறப்ப எங்கயோ போயிருச்சு” என்றார். கருவுற்றது தெரிந்த நாளிலிருந்து 90 நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதையும் அவருக்கு எவரும் சொல்லவில்லை. மனு எழுதினோம், காலம் கடந்தது என்று மறுமொழி வந்தது.

அப்படிப்பட்டவர்க்கு எஞ்சியிருப்பது உயர் நீதிமன்றம். அரசு மருத்துவமனையில் எல்லார்க்கும் இலவசமாக அளிக்கப்படும் மருத்துவம் 1995-ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி நுகர்வோர் மன்றத்துக்கு உட்படாது. ஒத்தக்கடை செல்லும் வழியில் 2004-இல் திறக்கப்பட்ட மதுரைக் கிளையில், தூத்துக்குடி அரசு மருத்துவமனையில் அறுவை செய்துகொண்ட பின் மூன்றாவது குழந்தை பெற்ற தாய் ஒருவர் வழக்குத் தொடுத்தார். அவருக்கு 3 இலட்சம் ரூபாய் இழப்பீடும், குழந்தைக்கு 21 வயது நிறையும் வரை அல்லது பட்டப்படிப்பு முடியும் வரை மாதம் 10,000 ரூபாயும், இலவசக் கல்வியும் அளிக்க வேண்டும் என்று 2023-இல் நீதிபதி ஆணையிட்டார். திட்டத்தின் தொகைக்கும் இதற்கும் உள்ள தொலைவைப் பாருங்கள். அது பலருக்குச் சிறிது தருவது. இது வழக்காடும் வலிமையுள்ள சிலருக்குப் பெரிது தருவது. குழந்தை பிறந்தது 2015 சனவரியில். ஆணை வந்தபோது அதற்கு எட்டு வயது.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ இவ்வறுவை செய்துகொண்டோர் இருப்பின், சான்றிதழை வாங்கினார்களா என்று கேளுங்கள். அறுவையன்றே அது கிடைப்பதில்லை. ஏறத்தாழ ஒரு மாதத்துக்குப் பின் மறுபடியும் சென்று பெற வேண்டும். பேருந்துச் செலவையும் ஒரு நாள் கூலியையும் எண்ணிப் பலர் போகாமல் விட்டுவிடுகின்றனர். குடும்ப அட்டையோடு சேர்த்துத் தகரப் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். நாள் தள்ளிப்போனால் காத்திராமல், அறுவை நடந்த மருத்துவமனைக்கே அத்தாளோடு செல்லட்டும். இழப்பீட்டு விண்ணப்பப் படிவமும் அங்கேதான் கேட்டுப் பெற வேண்டும்.